ஹாய் சொன்ன சர்க்கரை மெஷின்

திருவண்ணாமலையில் மீட்டர் வைத்து ஓடிய ஒரே ஆட்டோ அவருடையதுதான். ஆனால் அந்த மீட்டர் ஆட்டோவில் இல்லை, அவர் சட்டைப் பையில் இருந்தது. விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் விட்டால் சர்க்கரை எவ்வளவு என்று காட்டும் சின்ன மெஷின். அதனால் செங்கம் ரோடு முழுக்க அவருக்கு மீட்டர் என்றே பெயர். வீட்டம்மாவும் அப்படித்தான் கூப்பிடுகிறார் என்று ஸ்டாண்டில் பேச்சு.

நான் அந்த ரோட்டில் தள்ளுவண்டியில் பழம் நறுக்கி விற்பவன். பேரம் பேசக் கூச்சப்பட்டே கிலோவை விட்டுத் தட்டுக்கு மாறியவன். மீட்டருக்குப் பேச ஆள் வேண்டாம், கேட்க ஆள் இருந்தால் போதும். நாள் பாதி என் வண்டியருகேதான் நிற்பார்.

அப்போது அவருக்குக் கண்ணில் புரை. கோயிலுக்கு ஒன்பது கோபுரம் என்றால் அவருக்குப் பதினெட்டு. எதிரே ஒரு பஸ் வந்தால் இரண்டுக்கும் வழிவிட்டு ஓரம் கட்டுவார். சர்க்கரை இருநூறுக்குக் கீழே வந்தால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு மாதத்தில் கண் சரியாகாவிட்டால் ஆட்டோவை விற்றுவிடுவேன் என்று வீட்டம்மா சொல்லிவிட்டார்.

மீட்டர் டீயில் சர்க்கரையை விட்டார். இனிப்பை விட்டார். கோயிலில் பொங்கல் கொடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்து ஆளிடம் தந்துவிடுவார். பசித்தால் என் வண்டிக்கு வந்துவிடுவார்.

"பழம் கடவுள் செஞ்சதுப்பா. சக்கரை மில்லுல செஞ்சது. ரெண்டும் ஒண்ணா?"

அவருக்கென்று தனி வைத்தியம் இருந்தது. உப்பும் மிளகாய்த்தூளும் தூவினால் பழத்தின் இனிப்பு செத்துவிடும். பேரீச்சை காய்ந்தது, ஆகவே உள்ளே இருக்கும் சர்க்கரையும் காய்ந்திருக்கும். ஜூஸ் தண்ணீரில் சேர்ந்தது. திராட்சை பொடிசு, கணக்கிலேயே வராது. காலையில் பப்பாளி, பதினோரு மணிக்குக் கை நிறையப் பேரீச்சை, சாயங்காலம் பலாச்சுளை. எனக்கு என்னவோ தப்பாகப் படும். சொல்ல வாய் வராது. அந்தச் சங்கடத்தில் இன்னும் இரண்டு சுளை வைத்துவிடுவேன்.

சர்க்கரை இறங்கவில்லை. அவர் மெஷினைத் திட்டினார். பேட்டரியைக் கழற்றி வெயிலில் காய வைத்தார்.

ஒரு நாள் பலாச்சுளை தின்ற கையோடு விரலில் குத்தினார். மெஷினில் எண்ணே வரவில்லை. கண் தெரியாமல் என்னிடம் நீட்டினார். எச், ஐ என்று இரண்டே எழுத்து. நான் ஐந்தாவதோடு நின்றவன்தான். ஆனாலும் அது எதிர்க் கடை போர்டில் 'ஹாய்' என்று தினமும் பார்க்கும் எழுத்து.

"ஹாய்னு போட்டிருக்குண்ணா."

"யாருக்கு, எனக்கா?"

"உங்க ரத்தம்தானே."

இத்தனை நாள் திட்டு வாங்கிய மெஷின் வணக்கம் சொல்கிறது என்றால், உடம்பில் எண்ணுகிற அளவுக்குச் சர்க்கரையே இல்லை என்றுதானே பொருள்? ஸ்டாண்டில் எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தார். வழியில் போன வெள்ளைக்காரர் ஒருவரிடம் மெஷினைக் காட்டினார். அவரும் "ஹாய்" என்று கையசைத்துவிட்டுப் போனார். எங்களுக்கு இருந்த கொஞ்ச சந்தேகமும் தீர்ந்தது.

வேங்கிக்கால் பக்கம் கண் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் நர்ஸ் ஒருவர் தினமும் அவர் ஆட்டோவில் போவார். அன்று ஏற வந்தவர், மெஷினைப் பார்த்ததும் வைத்த காலை எடுத்துவிட்டார்.

"அது ஹாய் இல்லைங்க, ஹை. மெஷினால எண்ண முடியாத அளவுக்கு ஜாஸ்தின்னு அர்த்தம். நீங்க எப்படி நிக்கிறீங்க?"

என் தண்ணீர் கேனில் சோப்புப் போட்டு அவர் கையைக் கழுவ வைத்தார். துடைத்துவிட்டு மறுபடி குத்தினார். முந்நூற்றுப் பத்து.

"முன்ன வந்தது உங்க விரல்ல ஒட்டியிருந்த பலாப்பழச் சக்கரையும் சேர்த்து. இது உங்களோடது மட்டும். இதுவே ஜாஸ்திதான்."

"அப்போ பலாவுக்கும் சக்கரை வியாதியா சிஸ்டர்?" என்றார் மீட்டர்.

அவர் சிரிக்கவில்லை. பழத்தை விட வேண்டாம், தட்டுத் தட்டாகத் தின்ன வேண்டாம் என்றார். ஒரு சின்னக் கொய்யாவைக் கடித்துத் தின்னலாம், ஜூஸ் கூடாது, மாத்திரையை விடக் கூடாது. பேரீச்சை காய்ந்தால் தண்ணீர்தான் போகும், சர்க்கரை அங்கேயேதான் இருக்கும். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

நான் கத்தியைத் துடைத்தேன். ஏற்கனவே துடைத்த கத்திதான்.

மறுநாளே மீட்டர் கட்சி மாறினார். பலாப்பழத்தோடு வந்த குடும்பத்தை, பழத்தை இறக்கினால்தான் ஏற்றுவேன் என்று நடுரோட்டில் நிறுத்தினார். என்னிடம் தட்டு வாங்க வந்தவர்களிடம் விரலை நீட்டச் சொன்னார். இரண்டு பேர் காசைக்கூடத் திருப்பி வாங்காமல் ஓடினார்கள். ஒரு கொய்யாவை முக்கால் மணி நேரம் மென்றார். என் வியாபாரம் படுத்துவிட்டது. மாதக் கெடு முடியும்வரை நான் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பரிசோதனை நாளில் வண்டியைப் பூட்ட வைத்து என்னையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். ஆயிரம் முறை தன்னைத் தானே குத்திக்கொண்ட மனிதருக்கு அன்று விரல் நடுங்கியது. சிஸ்டரால் குத்தவே முடியவில்லை. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நூத்தி எழுபத்திரெண்டு. புதன்கிழமை வந்துடுங்க, ஆபரேஷன் பண்ணிடலாம்."

மீட்டர் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். மெதுவாகச் சொன்னார்.

"கையை விடுப்பா. ஆட்டோ எடுக்கணும்."

விட்டேன். உடனே இல்லை.