கவுறு தொட்டால் பங்கு

'தர்மம்' என்ற சொல்லைக் கேட்டால் அடிக்க வரும் தர்மப்பிரபு இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். தங்கச்சிமடத்தில், கரையில் நின்று இழுக்கும் கரைவலைக்குச் சொந்தக்காரரான கவுறு சம்மாட்டி.

கரைவலையின் கயிற்றை யார் பிடித்து இழுத்தாலும் கறிக்கு மீன் பங்கு உண்டு என்பது அந்தக் கரை வழக்கம். சம்மாட்டி அதை வேதமாக்கிவிட்டார்; கயிற்றுக்கு அந்தக் கரையில் சொல்லும் 'கவுறு' அதனால்தான் அவர் பெயராகவே ஒட்டிக்கொண்டது. கண் தெரியாதவர், கைநடுக்கக்காரர், பிள்ளைத்தாய்ச்சி, யாராயிருந்தாலும் கயிற்றில் ஒரு விரல் பட்டால் போதும், பங்கு. படாவிட்டால் பாதிரியாருக்கும் கிடையாது.

எங்கள் கமுதியிலோ தண்ணீர்ப்பந்தல் வைத்தால் பானையைவிடப் பெயர்ப்பலகை பெரிதாக இருக்கும். அங்கிருந்து வாத்தியாராகப் போன நான், முதல் நாளே கேட்டேன்: "தர்மமா ரெண்டு மீன் குடுங்களேன்."

"ஏலே வாத்தி! இங்கன பிரபுவும் இல்ல, பிச்சைக்காரனும் இல்ல. கவுத்தப் புடி!"

பிடித்தேன். நான் கயிற்றை இழுத்ததைவிடக் கயிறு என்னை இழுத்ததுதான் அதிகம். முழங்காலில் சிராய்ப்பு, கையில் நாலு சாளை மீன்.

ஒரு புயலுக்குப் பின் வெள்ளைக்காரர் ஒருவர் பால்பவுடர் மூட்டைகளோடு மாதா கோயில் வாசலுக்கு வந்தார். மொழிபெயர்ப்பு அடியேன். அவர் சொன்ன இங்கிலீஷில் பாதி புரியாததால், "எல்லாம் தர்மம், வாங்கிக்கங்க!" என்று ஒரே வரியில் முடித்தேன்.

வரிசையில் முதலில் நின்ற லூர்தம்மாள் விலகிவிட்டாள். புயல் புருஷனைக் கொண்டுபோயிருந்தது. இடுப்பில் இரட்டைக் குழந்தைகள் பசியில் கத்தின.

"எம்புள்ளைகளுக்குப் பிச்சைப் பாலு வேணாம் சார்."

வரிசையே கலைந்தது. சம்மாட்டி என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு வலைக்கயிற்றை எடுத்துவந்து மூட்டையில் கட்டினார்.

"லூர்து, மூட்டையக் கோயிலுக்குள்ள இழுக்கணும். வந்து தொடு."

"ரெண்டு கையிலயும் புள்ள இருக்கே, மாமா?"

"புள்ளைக கைய வையி! ரெண்டு புள்ள, ரெண்டு பங்கு. ஒனக்குத் தனி!"

பிஞ்சு விரல்கள் கயிற்றைத் தொட்டன. அவ்வளவுதான், ஊரே வந்து தொற்றிக்கொண்டது. ஏதோ உள்ளூர்த் திருவிழா என்று நினைத்துத் துரையும் பிடித்தார்.

"தொரையும் இழுத்தாருல்ல? பங்கு போடு!"

தான் கொண்டுவந்த பவுடரிலேயே ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு துரை விழித்தார். லூர்தம்மாள் மூன்று பங்கையும் ஓலைப்பெட்டியில் வாங்கித் தலையில் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்து நடந்தாள்.

"இதற்கு உங்கள் பாஷையில் என்ன பெயர்?" என்று துரை கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். எனக்குச் சம்மாட்டியின் பெயர்தான் வாயில் வந்தது: "கவுறு."