ஏழாம் கட்டத்தில் எழுதிய மூலிகை

ஒரு காட்டில் ராஜாவாக இருந்த சிங்கத்துக்குப் பொழுது போகவில்லை. மூலிகைப் பதிவுத் துறை என்று ஒன்றை உண்டாக்கி, மயிலை அதிகாரியாக உட்கார வைத்தது. இனிமேல் படிவம் கொடுத்து முத்திரை வாங்காமல் யாரும் யாருக்கும் தழை அரைத்துக் கொடுக்கக் கூடாது.

அங்கே ஆடுமாடுகளுக்கு மருந்து கொடுத்து வந்தவை மலைமேல் குடியிருந்த முள்ளம்பன்றிகள். அவற்றுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. மருந்துத் தழையின் பெயரைச் சொல்லவோ எழுதவோ கூடாது. மீறினால் அது வெறும் தழையாகிவிடும்.

ஒரு நாள் பொம்மி என்ற எருமையின் கன்று ஈரப்புல்லை அளவில்லாமல் தின்று, வயிறு உப்பிப் படுத்துவிட்டது. கெம்பி என்ற முள்ளம்பன்றி வந்து வயிற்றைத் தட்டிப் பார்த்தது.

"உச்சிப்பொழுதுக்குள்ள சாறு உள்ளே போகணும், அக்கா. முதல்ல முத்திரை வாங்கணும்."

"எம்புள்ளைக்கு மூச்சே வரல, உனக்கு முத்திரையா?"

"இல்லாமக் கொடுத்தா எங்க கூட்டத்தையே மலையை விட்டுத் துரத்திடுவாங்க."

இரண்டும் மயிலிடம் ஓடின. ஆறு கட்டங்களைக் கெம்பி ஒழுங்காக நிரப்பியது. ஏழாவது: மூலிகையின் பெயர், பயன்படும் பாகம், செய்முறை.

"சார், பேரை எழுதினா மருந்து பலிக்காது."

"கட்டம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் ஏத்துக்காது" என்றது மயில், திரையில் தன் தோகையின் நிழலைப் பார்த்துக்கொண்டே. "எதையாவது எழுதும்மா. எனக்குச் சாப்பாட்டு நேரம்."

கெம்பிக்குப் பொய் எழுதிப் பழக்கமில்லை.

"நீ தள்ளு" என்று பொம்மி பேனாவைப் பிடுங்கி, எதிரே இருந்ததைப் பார்த்து எழுதியது.

மூலிகையின் பெயர்: மயில். பயன்படும் பாகம்: தோகை, முழுவதும். செய்முறை: சுட்டுச் சாம்பலாக்கி மோரில் கலக்கவும்.

மயில் படிக்காமலே முத்திரை குத்தியது. கெம்பி மலையேறி, வாய் திறக்காமல் தழை பறித்து, சாறு பிழிந்து ஊற்றியது. கன்று காடே அதிர ஒரு ஏப்பம் விட்டு எழுந்து, தாயின் மடியை முட்டியது.

மறுநாள் அனுமதி பெற்ற மருந்துகளின் பட்டியலை ஆலமரத்தில் ஒட்டினார்கள். அதில் ஒரே ஒரு மருந்துதான் இருந்தது.

மழைக்காலம் வந்தது. எல்லாக் குட்டிகளுக்கும் வயிறு உப்பியது. தாய்மார்கள் மயிலைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஐயோ, அது பொய்!"

"முத்திரை உங்களோடதுதானே, சார்? கொஞ்சம் திரும்பி நில்லுங்க."

கெம்பிக்கு மனசு பொறுக்கவில்லை. "நிறுத்துங்க, நான் திருத்தி எழுதித் தர்றேன்" என்று ஓடி வந்தது. குமாஸ்தா உடும்பு திருத்தப் படிவத்தை நீட்டியது. அதில் ஒரே கட்டம்: மூலிகையின் சரியான பெயர்.

கெம்பி அதைப் படித்துப் பார்த்தது. பிறகு மடித்து வைத்துவிட்டு மலையேறியது. இறங்கி வந்து, தோகைச் சாம்பல் கலந்த மோரில் யாருக்கும் தெரியாமல் தழைச்சாற்றையும் பிழிந்துவிட்டது. எல்லாக் குட்டிகளும் பிழைத்தன.

சிங்கம் மொட்டை மயிலுக்கு விருது கொடுத்தது. தோகை மறுபடி முளைத்ததும் உடனே தகவல் தெரிவிக்கும்படி விருதுக் கடிதத்தில் ஒரு வரி இருந்தது.

நீதி: படிவத்தில் பொய் எழுதுவது தவறு. ஆனால் வாங்குபவர் படிக்க மாட்டார் என்று தெரிந்தால், அவர் பெயரையே எழுதலாம்.