கலியாணசுந்தரம் கண் மீட்ட கச்சான் படலம்

1957-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3, சனிக்கிழமை, மாலை ஆறே முக்கால் மணிக்கு, மலாக்கா காஜா பேராங் திடலில் இறகு கட்டிய பூப்பந்து ஆடிக்கொண்டிருந்த, கணக்கெழுதும் கிராணி கலியாணசுந்தரத்தின் நெற்றியில் பந்து விழுந்தது.

பாடுக நாவே, அந்த நெற்றியை. பகலெல்லாம் ரப்பர் கிடங்கில் எடை போட்டு, மாலையில் வெள்ளைக் காற்சட்டை பூண்டு, சுண்ணாம்புக் கோட்டுக்குள் வேங்கையென நின்ற அந்த வீரரைப் பாடுக. ஆண்டுதோறும் அண்டை வட்டாரமான தெங்கேராவின் அணியிடம் தோற்றும் மனம் தோற்காதவர். மட்டையை வாளென்றும் வலையை அகழியென்றும் கண்ட மறவர். சென்ற தீபாவளிக்கு மறுநாள் முருகன் சந்நிதியில் நின்று, "தெங்கேராவை ஜெயிக்கிற வரைக்கும் எண்ணெய், நெய், தேங்காய்ப்பால் மூணையும் தொடமாட்டேன்" என்று சூளுரைத்த தவசீலர். பழைய காவியங்களில் இத்தகைய சபதம் கேட்டால் வானோர் பூமாரி பொழிவார்கள். இங்கே அவருடைய மனைவி சாரதாம்பாள் முறுக்குத் தட்டை எடுத்து உள்ளே வைத்தாள்.

அன்று முதல் அந்த வீட்டில் கடுகு வெடிக்கவில்லை, அப்பளம் பொரியவில்லை. நாயகர் உண்டதெல்லாம் நீரில் அவிந்தது. இடை கொடியென மெலிந்தது. தாவல் மானின் தாவலை ஒத்தது. இவ்வாண்டு வெற்றி நமதே என்று காஜா பேராங் எண்ணியிருந்த வேளையில், மலாக்கா நீரிணையில் கதிரவன் முழுகுந்தோறும் நாயகரின் கண்ணில் ஒரு சாம்பல் திரை விழத் தொடங்கியது. பகலில் தராசு முள்ளின் நடுக்கத்தையும் காணும் கண், அந்தியில் பந்தையும் வௌவாலையும் பிரித்தறியவில்லை. ஒரு மாலை அவர் வௌவாலைத் துரத்தியடித்ததை ஊரே பார்த்தது, வௌவால் தப்பியது. கடற்காற்று அடங்கும் அந்தியில்தான் பூப்பந்துப் போட்டிகள் நடக்கும் என்பதால், இது சிறிய குறையன்று.

அணித்தலைவர் சிஹாபுதீன், மளிகைக் கடை நடத்துபவர், நெற்றியைத் தடவிக்கொண்டிருந்த நாயகரை நோக்கித் தம் ஆணையை வெளியிட்டார்.

"சுந்தரம், இருபத்தஞ்சாம் தேதி இதே நேரத்துல நான் பந்து போடுவேன். நீ எடுக்கணும். இல்லாட்டி ஜெயபாலன்தான் என்கூட ஆடுவான். சுதந்திரத்துக்காகத் தெங்கேராகாரனோட ஆடுற மெர்டேக்கா கப்புலா இது, விளையாட்டு இல்ல."

ஜெயபாலன் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸர், அணியின் மாற்று ஆட்டக்காரன். நாயகர் துறந்த எண்ணெயையெல்லாம் தன் தலையில் தடவியவன்போல மின்னும் முடியோடு, கோட்டுக்கு வெளியே நின்று சிரித்தான்.

அதன்பின் போர் வீட்டுக்குள் மூண்டது. நாயகர் டவுன் மருந்துக்கடையிலிருந்து மஞ்சள் வைட்டமின் மாத்திரை கொண்டுவந்தார். சாரதாம்பாளோ முருங்கைக்கீரையைக் கட்டுக்கட்டாக அவித்துத் தட்டில் குன்றெனக் குவித்தாள்.

"பச்சையில இல்லாததா அந்த உருண்டையில இருக்கு?" என்றாள்.

"இதுல சத்து மட்டும் இருக்கு, சக்கை இல்ல. வெள்ளைக்காரன் பிழிஞ்சு எடுத்து வச்சிருக்கான்."

"அவன்தான் இந்த மாசக் கடைசியில மூட்டை கட்டுறானே. அவன் மாத்திரைய மட்டும் ஏன் புடிச்சிக்கிட்டு இருக்கீங்க?"

இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. காலையில் வெறும் வயிற்றில், பால் கலவாத கோப்பியுடன் மாத்திரை இறங்கியது. மதியம் கீரை இறங்கியது. அங்கே வயிற்றுக்குள், மாந்தர் கண் காணாத அக்களத்தில் நிகழ்ந்ததை இனிச் சொல்ல வேண்டும்.

ஏ என்னும் ஓரெழுத்துப் பெயர் கொண்ட இளவரசன் மாத்திரைத் தேரேறிப் பல்வாயில் கடந்தான். கரிய கோப்பிப் பெருவெள்ளத்தில் நீந்தினான். இரைப்பையின் அமிலக் கடலில் தேர் கரைய, தன்னந்தனியனாய்க் குடற்பெருநகரின் மதிலடியில் வந்து நின்றான். அந்த நகருக்குள் நடந்து புக வழியில்லை. எண்ணெய்ப் படகேறியே புக வேண்டும். படகு வந்தால்தான் பித்தநீர் என்னும் கசப்பு முகத்துக் கோட்டைக் காவலன் படையோடு இறங்கி வந்து, அதைச் சிறு சிறு ஓடங்களாக உடைத்து, ஏறியவர்களை உள்ளே கடத்துவான். நாயகரின் நகரில் பத்து மாதமாய்ப் படகே வரவில்லை. காவலன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். இளவரசன் கூவினான், கும்பிட்டான், தன் குலப்பெருமை கூறினான். பிறகு கூட்டம் நெருக்கித் தள்ள, நகரின் தெற்கு வாயில் வழியே மறுநாட்காலை வெளியேறினான்.

மதியம் வந்தது கீரைச் சேனை. அதன் நடுவே அதே குலத்து இளவரசர்கள் மாறுவேடத்தில் வந்தார்கள். மாத்திரைக்காரனைப் போல அவர்கள் தனியே வரவில்லை. இரும்புப் படை, சுண்ணாம்புப் படை, நார்ச்சத்து யானைகள் என்று பரிவாரம் சூழ, இலைக் கோட்டைகளுக்குள் அடைபட்டு வந்தார்கள். பரிவாரத்தில் சிலர் தம் வழியே நகருக்குள் நுழைந்தும் விட்டார்கள். இளவரசர்களுக்கு மட்டும் படகு வேண்டும். பச்சைக் கொடிகள் பறந்தன, முரசு அதிர்ந்தது, அவர்களும் தெற்கு வாயில் வழியே போனார்கள்.

மேலே, உணவு மேசையில், கணவன் கீரையைப் பழித்தார். மனைவி மாத்திரையைப் பழித்தாள். கண்ணின் திரை விலகவில்லை. இருபத்தைந்தாம் தேதி நெருங்கியது.

அப்போது விதி ஜெயபாலனின் நாவில் ஏறி அமர்ந்தது. ஒரு மாலை, நாயகரைச் சாப்பிடக் கூப்பிடச் சாரதாம்பாள் திடலுக்கு வந்திருந்தாள். மூன்று பந்துகளைத் தொடர்ந்து தவறவிட்ட நாயகரைப் பார்த்து அவன் அளந்தான்.

"கிராணி அண்ணே, நீங்க முழுங்குற முழுங்குக்கு மருந்துக்கடையே காலியாயிரும். எண்ணெய் ஒரு சொட்டு இல்லாத வயித்துல கீரையும் ஒண்ணுதான், மாத்திரையும் ஒண்ணுதான். கண்ணுக்கான சத்து எண்ணெய்ல ஏறித்தான் உள்ள போகும். உங்க சபதம் என் கட்சி அண்ணே."

வேலால் வீழ்ந்தவர்கள் உண்டு, வில்லால் வீழ்ந்தவர்கள் உண்டு. அந்த டிரஸ்ஸர் தன் வாயால் வீழ்ந்தான். சாரதாம்பாள் நேரே சிஹாபுதீன் கடைக்கு நடந்து, ஒரு பொட்டலம் நிலக்கடலையோடு, ஊரார் கச்சான் என்கிறார்களே அதனோடு, வீடு திரும்பினாள். வறுத்தாள், தோல் ஊதினாள், எண்ணெய் கசியக் கசிய இடித்தாள். கீரையில் அதைக் கொட்டிப் பிசைந்து தட்டில் வைத்தாள்.

நாயகர் தட்டைத் தள்ளி வைத்தார். "சபதம் இருக்கு."

"எண்ணெய், நெய், தேங்காய்ப்பால். மூணு பேரத்தான சொன்னீங்க? நான் பக்கத்துலயே நின்னேன். கச்சான் பேர யாரு சொன்னா?"

"முருகன் ஒத்துக்குவாரா?"

"அவரு பழத்துக்குத்தான் கோவிச்சுக்குவாரு. சாப்புடுங்க."

தவசீலர் கண்ணை மூடி ஒரு கவளம் உண்டார். ஆயினும் வீரர் வீரரே. மஞ்சள் மாத்திரையையும் அந்தச் சோற்றுக்குப் பின்னாலேயே விழுங்கினார்.

ஆகா, அன்று குடற்பெருநகரின் துறையில் எழுந்த ஆரவாரம். கச்சான் கப்பற்படை திரைகடலை மறைத்துக்கொண்டு வந்தது. பித்தநீர்க் காவலன் துள்ளி எழுந்து தலைப்பாகையைத் தேடினான். படகுகள் ஓடங்களாயின, மாத்திரை இளவரசனும் கீரை இளவரசர்களும் யார் முதலில் ஏறுவது என்று தோளிடித்து, தமக்குள் உறவு முறை கண்டு, ஒரே ஓடத்தில் ஏறிக் கல்லீரல் கருவூலம் சேர்ந்தார்கள். அங்கிருந்து விழித்திரை மாடங்களுக்கு ஓடி, அணைந்து கிடந்த அந்தி விளக்குகளை ஒவ்வொன்றாய் ஏற்றினார்கள்.

நாள்தோறும் கச்சான் இடிபட்டது. இருபத்தைந்தாம் தேதி அந்தியில் சிஹாபுதீன் போட்ட பந்தையெல்லாம் நாயகர் எடுத்தார். தாழப் பறந்த வௌவாலை வணங்கி வழிவிட்டார். "சரி, நீயே ஆடு" என்றார் தலைவர். ஜெயபாலன் வீட்டுக்குப் போனான். கண்ணை மீட்டது கீரை என்றாள் சாரதாம்பாள்; மாத்திரை என்றார் கலியாணசுந்தரம்; கச்சான் எதையும் உரிமை கோரவில்லை.

நாடு விடுதலை பெற்ற மறுநாள், செப்டம்பர் முதல் தேதி, புதுக் கொடிகள் தெருவெங்கும் படபடக்க, தெங்கேரா வீரர்கள் சைக்கிள்களில் வந்து இறங்கினார்கள். மூன்றாம் ஆட்டத்தில் இரு பக்கமும் மூச்சிரைக்க, மேற்கே வானம் செம்பாய் உருகி இருளாய் இறுகிக்கொண்டிருக்க, வெற்றிக்கு ஒரே புள்ளி தேவைப்பட்ட தெங்கேராக்காரன் வானளாவ உயர்த்தியடித்த அந்தப் பந்து, தென்னைகளின் உச்சியைத் தொட்டுத் திரும்பி, கொடிய கழுகென நாயகரை நோக்கி இறங்கியது. அவரோ அதன் பதினாறு இறகையும் தனித்தனியே கண்டார், ஓர் இறகின் ஓரம் பிய்ந்திருந்ததைக் கண்டார், எதிரியின் சட்டையில் பொத்தான் ஒன்று குறைவதைக் கண்டார், கூட்டத்தில் ஜெயபாலனின் தலை மின்னுவதைக் கண்டார், வேலியோரம் சாரதாம்பாள் கைகூப்புவதைக் கண்டார், எல்லாவற்றையும் கண்டு, இடி இடித்தாற்போல் மட்டையை வீசினார்.

பந்து வலையில் விழுந்தது. கோப்பை தெங்கேராவுக்கு, சபதம் நாயகருக்கு.

மறுநாள் காலை சாரதாம்பாள் சிஹாபுதீன் கடையில் இன்னொரு பொட்டலம் கச்சான் வாங்கினாள்.