மரங்கொத்தி கேட்ட அகதி அந்தஸ்து

காடுகள் தாமாக வளர்கின்றன என்பது விஷயம் தெரியாதவர்களின் மூடநம்பிக்கை. ஒரு காடு வளர வேண்டுமானால் முதலில் அதற்கு ஓர் அலுவலகம் வேண்டும். அலுவலகத்துக்கு ஓர் இணைப்பாளர் வேண்டும். இணைப்பாளருக்குக் கீழே பதினாறு பேர் வேண்டும். அந்தப் பதினேழு பேரும் செவ்வாய்க்கிழமைதோறும் கூடிக் காட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். மழை, வெயில், மண் முதலியவை எல்லாம் அதற்குப் பிறகு வருகின்ற உதிரிக் காரணங்கள்.

மொன்றியல் தீவின் மேற்குக் கரையோரம் நிற்கும் முந்நூறு வருடத்துப் பைன் காடு இந்த வகையில் கொடுத்து வைத்தது. முதல் இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று வருடங்களை அது அலுவலகம் எதுவும் இல்லாமல், வெறுமனே வளர்ந்து வீணடித்தது. ஏழு வருடங்களுக்கு முன்புதான் நகரத்தின் நடுவில், ஒரு மெட்ரோ நிலையத்துக்கு மேலே, 'தொன்மைப் பைன் காட்டு வாழிட மீட்பு ஒருங்கிணைப்பு அலுவலகம்' திறக்கப்பட்டது. அங்கிருந்து காட்டுக்குப் போக மெட்ரோவும் இரண்டு பஸ்சும் பிடித்தால் ஒன்றரை மணி நேரம். தூர நின்று பார்த்தால்தான் காடு முழுமையாகத் தெரியும் என்பது அலுவலகத்தின் 'தொலைநோக்கு'.

இந்தப் பதினேழு பேரில் செலீன் சேர்த்தியில்லை. லாசாலில் இருந்து விடிய வெளிக்கிட்டு, நேரே காட்டுக்குப் போகிறவள் அவள். பதவி, 'தற்காலிகக் களப் பணியாளர், நிலை இரண்டு'. நிலை ஒன்று யார் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. காட்டுக்குள் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை.

அவளுடைய வேலை நெர்ப்ரன் பிடுங்குவது. நெர்ப்ரன் ஒரு புதர். வேலிக்கு அழகாக இருக்கட்டும் என்று ஐரோப்பாவிலிருந்து யாரோ கொண்டுவந்து நட்டது. அது வந்த இடத்தில் காலூன்றி, காட்டின் அடித்தளம் முழுவதையும் பிடித்து, உள்ளூர்ப் பைன் கன்றுகளுக்கு வெயில் படவிடாமல் மறைத்துக்கொண்டு, தானே பூர்வகுடி என்பதுபோல நிற்கிறது. இதை இந்த நாட்டில் யாருக்கும் உவமையாகச் சொல்லக்கூடாது என்று செலீனுக்குத் தெரியும். அவள் பேசாமல் பிடுங்கினாள். ஆறு வருடமாகப் பிடுங்கினாள். பிடுங்கிய இடங்களில் பைன் கன்றுகள் விரலளவு எழும்பி வந்தபோது அவற்றோடு கொஞ்சம் கதைக்கவும் செய்தாள். அதற்குப் படிவம் இல்லை என்பதால் அறிக்கையில் குறிப்பிடவில்லை.

ஜூன் மாதத்து முதல் திங்கட்கிழமை அது நடந்தது. காட்டின் நடுவில் பட்டுப்போன பைன் ஒன்று, கிளைகள் எல்லாம் உதிர்ந்து, தூண்போல நின்றது. அதற்குள்ளிருந்து யாரோ கதவு தட்டுவதுபோலச் சத்தம் கேட்டது. செலீன் அண்ணாந்து பார்த்தாள். மூன்றாள் உயரத்தில் முட்டை வடிவத்தில் ஒரு பொந்து. காகத்தளவு பெரிய மரங்கொத்தி ஒன்று, தலையில் தீப்பிடித்த மாதிரிச் செக்கச் சிவந்த கொண்டையோடு வந்து பொந்தின் வாயில் ஒட்டிக்கொண்டது. உள்ளேயிருந்து மூன்று சின்னத் தலைகள் வரிசையாக நீண்டு, வாயை ஆவென்று திறந்தன.

நாற்பது வருடமாக இந்தக் காட்டில் யாரும் அந்தப் பறவையின் கூட்டைக் கண்டதில்லை. செலீன் ஊற்றிய தேத்தண்ணியைக் குடிக்க மறந்து நின்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மரத்தைச் சுற்றி வந்தாள். மறுபக்கம் செம்மஞ்சள் பெயின்டில் பெரிய சிலுவைக் குறி. அதன் கீழே அவளுடைய அலுவலகத்தின் அறிவித்தல் ஒன்று. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு இந்த மரம் தறிக்கப்படும், இவ்விடத்தில் பொதுமக்கள் பறவைகளைக் கண்டு களிப்பதற்கான மேடை அமையும் என்று அது மகிழ்ச்சியோடு தெரிவித்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. செலீன் சேற்றுச் சப்பாத்தோடு அலுவலகக் கூட்டத்துக்குள் நுழைந்தாள். தலைமை இருக்கையில் இணைப்பாளர் உருத்திரமூர்த்தி இருந்தார். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் சொந்த வீடு, முருகன் கோவிலில் முன்வரிசை, அலுவலகத்தில் பதினாறு பேருக்கு மேலே ஒரு தமிழன். பைன் மகரந்தம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. ஆகையால் காட்டை வரைபடத்திலேயே நேசித்து வந்தார்.

மீட்புத் திட்டத்தில் நான்கு கட்டங்கள். முதல் கட்டம், 'வனவிலங்கு' என்ற சொல்லை வரையறுப்பது. அதற்கு மூன்று வருடம் பிடித்தது. இரண்டாவது, மேடை. மூன்றாவது, விழிப்புணர்வு. நான்காவது கட்டத்தில், 2031ஆம் ஆண்டு இலைதளிர் காலத்தில், விலங்குகளும் பறவைகளும் வந்து சேரும். திட்டத்தை வரைந்தவன் வினோஜன். இங்கே பிறந்து இங்கே படித்த பிள்ளை. அவன் கணினியில் செய்திருந்த 'மாதிரிக் காடு' தொண்ணூற்று நான்கு சதவீதம் சரியானது. மிச்ச ஆறு சதவீதம் உண்மைக் காட்டின் குறைபாடு.

செலீன் தொலைபேசியில் எடுத்த படத்தை எல்லோருக்கும் காட்டினாள். உருத்திரமூர்த்தி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார், பிறகு திட்டப் புத்தகத்தைப் புரட்டினார்.

"பிள்ளை, மரங்கொத்தி நாலாம் கட்டத்திலதான் வரும். நாங்கள் இப்ப இரண்டாம் கட்டத்தில நிக்கிறம்."

"அது வந்திட்டுது, சேர்."

"ஆரைக் கேட்டு வந்தது?"

வினோஜன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அந்த மரத்தில் மரங்கொத்தி இருப்பதற்கான சாத்தியம் மாதிரிக் காட்டின்படி பூச்சியம் என்றான். பறவைமேல் தனக்குக் கோபமில்லை என்றும் சொன்னான். மரத்தைத் தறித்தபின் அதே அளவில் பிளாஸ்டிக் மரம் ஒன்று நட்டு, பொந்தும் வைத்துக் கொடுக்கலாம், 2031இல் அது முறைப்படி வந்து குடியேறலாம் என்று யோசனை சொன்னான். கூட்டம் அதை வரவேற்றுக் குறித்துக்கொண்டது. குஞ்சுகளுக்கு இன்னும் செட்டை முளைக்கவில்லை என்று செலீன் சொன்னதையும் குறித்துக்கொண்டது. குறிப்பெடுப்பதில் அந்த அலுவலகத்தை யாரும் மிஞ்ச முடியாது.

அன்று பின்னேரம் லாசால் வீட்டுக் குசினியில் செலீன் வெங்காயம் வெட்டினாள். கண்ணீர் வந்ததற்கு வெங்காயம்தான் காரணம் என்று கணவன் அல்பேட்டிடம் சொன்னாள். அவன் பாண் பேக்கரியில் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் அவள் சொன்னதை முழுவதும் கேட்டான். பறவைகளைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வெளியேற்றுவதைப் பற்றித் தெரியும். மன்னாரில் இருந்து வந்த அவனுடைய அகதிக் கோரிக்கை விசாரணைக்கு வர நான்கு வருடம் எடுத்தது. அந்த நான்கு வருடத்தில் அவன் பிரெஞ்சு படித்து, கார் ஓடப் பழகி, செலீனைக் கலியாணம் முடித்து, ஒரு மகளுக்குத் தகப்பனும் ஆகியிருந்தான்.

"என்னை ஏன் அனுப்ப ஏலாமல் போச்சுது, சொல்லு பாப்பம்" என்றான். "நான் நல்லவன் எண்டில்லை. கோப்பு திறந்து கிடந்தது. திறந்த கோப்பை இந்த நாட்டில ஆராலும் மூட ஏலாது."

செலீன் கத்தியைக் கீழே வைத்தாள்.

புதன்கிழமை காலை அவள் அலுவலகத்துப் படிவ அலுமாரியைக் குடைந்தாள். நாற்பத்தொரு படிவங்களுக்கு அடியில் அது கிடந்தது. 'பாதிக்கப்படும் வதிவோரின் ஆட்சேபனை'. பணிகளால் இருப்பிடம் பாதிக்கப்படும் எந்த வதிவோரும் ஆட்சேபனை தெரிவிக்கலாம். விசாரணை முடியும்வரை பணிகள் நிறுத்தி வைக்கப்படும். வதிவோர் மனிதராக இருக்க வேண்டும் என்று எந்த இடத்திலும் சொல்லப்படவில்லை. எழுதியவர்களுக்கு அப்படி ஒரு சந்தேகம் வந்திருக்காது.

அவள் நிதானமாக நிரப்பிக்கொண்டுபோய் உருத்திரமூர்த்தியின் மேசையில் வைத்தாள். அவர் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். வந்த வழி, ஆகாயம். கையில் உள்ள ஆவணங்கள், எதுவும் இல்லை. முன்பு வசித்த இடம், ஆற்றுக்கு அப்பால் ஒரு காடு. திரும்பிப் போக முடியாத காரணம், அந்தக் காடு இப்போது கார் தரிப்பிடம். வாசிக்க வாசிக்கச் சத்தம் குறைந்துகொண்டு வந்தது. தங்கி வாழ்வோர் மூவர் என்ற இடத்தில் முற்றாக நின்றது.

"ஆர் ஸ்பொன்சர்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை, அண்ணை. முதல்ல ஒண்டு தனிய வந்திருக்குது. இடம் பாத்து, மரம் பாத்து, பேந்துதான் சோடியைக் கூப்பிட்டிருக்குது."

செலீன் அவரை அலுவலகத்துக்குள் அண்ணை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. உருத்திரமூர்த்தி யன்னல் பக்கம் திரும்பினார். எண்பத்தாறாம் ஆண்டு ஐப்பசியில், அரைக்கை சேட்டோடு, அகதியாகத் தன்னந்தனியே மிராபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கிய கதையை அவர் முருகன் கோவிலில் எல்லோருக்கும் நூறு தரம் சொல்லியிருக்கிறார். அன்று சொல்லவில்லை. பேனையை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். முத்திரையை மூன்று தரம் குத்தினார். ஒன்றே போதும். மற்ற இரண்டும் அவருடைய திருப்திக்கு.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. தடையுத்தரவை இணைப்பாளரே நேரில் போய், வேலை நடக்கும் இடத்தில் கையளிக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதியவரும் உருத்திரமூர்த்திதான். அப்போது அது எவருக்கும் பொருந்தாத விதிபோல இருந்தது.

வியாழன் காலை ஏழே முக்காலுக்கு மரம் தறிகாரர் மூவர் வந்து, கயிறு கட்டி, இயந்திர வாளை இயக்கிப் பார்த்தார்கள். செலீன் மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றாள். உள்ளே குஞ்சுகள் அசைவது முதுகில் தெரிவதுபோல இருந்தது. தெரிய நியாயமில்லை, ஆனாலும் அவள் அப்படித்தான் பிறகு சொன்னாள். கடதாசி வருகிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று தலைமை ஆளிடம் பிரெஞ்சில் கெஞ்சினாள். நல்ல மனிதன். எட்டு மணிவரை பொறுப்பதாகவும், அதற்குமேல் தன் கையில் இல்லை என்றும் சொன்னான்.

எட்டுக்கு மூன்று நிமிடம் இருக்கையில் காட்டுக்குள் பயங்கரமான தும்மல் ஒன்று கேட்டது. தொடர்ந்து இன்னும் நாலு. முழுக் கோட், கழுத்துப் பட்டி, மினுக்கிய சப்பாத்து, மூக்கில் கைலேஞ்சியோடு உருத்திரமூர்த்தி வேர்களில் தடுக்கித் தடுக்கி வந்துகொண்டிருந்தார். ஆறு வருடமாகத் தாம் மீட்டுக்கொண்டிருந்த காட்டை அவர் அன்றுதான் கண்டார். முதலில் வழி தவறினார். வரைபடத்தில் மரங்கள் இவ்வளவு உயரம் இல்லை என்று பிறகு விளக்கம் கொடுத்தார்.

உத்தரவைக் கையளித்து, வாசித்துக் காட்ட வாயைத் திறந்தார். வாயிலிருந்து ஆறாவது தும்மல் வந்தது. என்ன அநியாயம் என்று பார்ப்பதுபோலப் பொந்திலிருந்து சிவப்புக் கொண்டை வெளியே நீண்டது. அதன் கீழே மூன்று குட்டித் தலைகள். தலைமை ஆள் இயந்திர வாளை நிறுத்தித் தொப்பியைக் கழற்றினான். உருத்திரமூர்த்தியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மகரந்தம் என்றார்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அது என்னை அடையாளம் கண்டிட்டுது போல" என்றார்.

விசாரணைக்குப் பதினான்கு மாதம் கழித்துத் திகதி குறிக்கப்பட்டது. அந்த அலுவலகத்தின் வேகத்துக்கு அது அவசர வழக்கு. ஆடி பிறக்குமுன் மூன்று குஞ்சுகளும் பறந்தன. பழைய பொந்தில் பறக்கும் அணில்கள் மாரிக் குளிருக்கு வந்து படுத்தன. அடுத்த இலைதளிர் காலத்தில் அதே பொந்தில் மர வாத்து முட்டையிட்டது. பிடுங்கிய இடங்களில் பைன் கன்றுகள் முழங்கால் அளவு ஆயின. வினோஜன் வாரத்துக்கு ஒருதரம் செலீனிடம் தொலைபேசியில் கேட்டு மாதிரிக் காட்டைத் திருத்தினான். ஒருநாள் அவனும் நேரில் வந்து, கையுறை வாங்கிப் போட்டு, இரண்டு நெர்ப்ரன் பிடுங்கி, இடுப்புப் பிடித்துப்போய்த் திரும்பினான். ஆனால் சனிக்கிழமை வந்தான். விடுமுறையில் வந்தது அலுவலகம் வந்த கணக்கில் சேராது.

நான்காம் கட்டம் ஐந்து வருடம் முந்தி நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது. கேட்க வேண்டுமா? நாட்டிலேயே சிறந்த வாழிட மீட்பு அலுவலகம் என்று விருது வந்தது. பெரிய மண்டபம், நிறையப் பூச்சாடிகள், பதினேழு பேரும் முன்வரிசையில். இதுவரை சொன்னதெல்லாம் அந்த விருது எவ்வளவு நியாயமானது என்று நிறுவுவதற்குத்தான்.

மேடையில் உருத்திரமூர்த்தி விருதை வாங்கியதும், காட்டைப் பற்றிப் பேச அதற்குள் வேலை செய்யும் ஒருவர்தான் பொருத்தம் என்று சொல்லி, செலீனை முன்னுக்குக் கூப்பிட்டார். அவள் எதிர்பார்க்கவில்லை. மைக்கைக் கொடுக்கும்போது, "அலுவலகத்தைப் பற்றியும் இரண்டு நல்ல வார்த்தை சொல்லும், பிள்ளை" என்று காதோடு சொன்னார்.

செலீன் யோசித்தாள். அவரை அவளுக்கு இப்போது பிடித்திருந்தது. பொய் சொல்லவும் மனம் வரவில்லை. ஆகவே தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், மனதாரச் சொன்னாள்.

"ஏழு வருடத்தில் எங்கள் அலுவலகம் ஒரே ஒரு நாள்தான் காட்டுக்குள் வந்தது. அன்றைக்கும் தன்னைத் தானே தடுத்து நிறுத்துவதற்காகத்தான் வந்தது."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. அந்த வசனத்தைப் பித்தளைத் தகட்டில் பொறித்து, கூட்ட அறையில், தலைமை இருக்கைக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் பதினேழு பேரும் அதைத் தங்களுக்குக் கிடைத்த பாராட்டு என்று வாசித்துவிட்டுத்தான் கூட்டத்தைத் தொடங்குகிறார்கள்.