இயக்குநர் நடை

நிர்வாகம் சீர்பட வேண்டுமானால் முதலில் ஊழியர்களின் கால்கள் சீர்பட வேண்டும் என்று புதிய இயக்குநர் கண்டுபிடித்தார். உடனே, அனைவரும் கூர்மூக்குக் கறுப்பு ஷூ அணிந்து வர வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. ஷூவையும் அலுவலகமே வழங்கியது.

மாடிக்கு மாடி கோப்பு சுமப்பவனுக்கு அங்கே நடைவண்டி என்று பெயர். தலை கறுப்பாக இருந்தபோது தற்காலிகமாகச் சேர்ந்தவன். நரைத்த பிறகும் தற்காலிகம்தான். இப்போதுதான் அவனை நிரந்தரமாக்கும் கோப்பு ஒருவழியாக இயக்குநர் மேசைக்குப் போயிருந்தது. அதையும் அவனேதான் தூக்கிக்கொண்டு போய் வைத்தான்.

புது ஷூவுக்குள் காலை நுழைத்தான். விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. குதிகால் வெளியே நின்றது. ஸ்டோர் கீப்பரிடம் போனான்.

"சார், இது எட்டு. என் கால் ஒன்பது."

"எல்லார் காலையும் கூட்டி வகுத்தாச்சு. சராசரி எட்டுதான்."

"என் கால் சராசரி இல்லையே சார்."

"அது உன் குறை. கால் உன் சொந்தப் பொருள், ஷூ ஆபீஸ் பொருள். எது எதுக்கு அடங்கணும், நீயே சொல்லு."

நடைவண்டி யோசித்தான். நியாயமாகத்தான் பட்டது.

சாயங்காலம் மனைவி காலைப் பார்த்துவிட்டு அலறினாள். "என்னங்க இது, கட்டைவிரல் கத்தரிக்கா மாதிரி ஆயிருக்கு?"

"நிர்வாகச் சீர்திருத்தம்."

"நல்லா சீர்திருத்தினாங்க! எங்கம்மா வீட்டை என் பேருக்கு மாத்தித் தரச் சொல்லி உங்க ஆபீஸ்ல மனு போட்டேனே, அதைத் திருத்தினாங்களா?"

"அது கீழ் மாடியிலயே தூங்குது."

அவள் ஷூவைப் பிடுங்கினாள். எண்ணெய் தடவி, ஈரக் காகிதத்தை உள்ளே திணித்து வைத்தாள். நாலைந்து நாள் விடாமல் செய்ததில் தோல் இளகிக் கொடுத்தது. நடைவண்டி முன்போலவே விறுவிறுவென்று நடக்கத் தொடங்கினான். வினையும் அங்கேதான் தொடங்கியது.

இயக்குநருக்கும் ஷூ எட்டு, கால் பத்து. கடிக்கிறது என்று அவர் யாரிடம் சொல்வார்? தேர்ந்தெடுத்ததே அவர்தான். வலது காலை இழுத்து, ஒவ்வோர் அடிக்கும் புருவத்தை உயர்த்தி நடந்தார். கண்காணிப்பாளர் அதைப் பார்த்து மெய்சிலிர்த்தார். "என்ன கம்பீரம்! ஒவ்வொரு அடியையும் யோசிச்சு வைக்கிறார்!"

மறுநாள் கண்காணிப்பாளரும் வலது காலை இழுத்தார். வாரம் முடிவதற்குள் அலுவலகமே இழுத்தது. அளவாக ஷூ அமைந்தவர்கள்தான் பாவம், கழிவறைக் கண்ணாடி முன்னால் நின்று புருவம் பழகினார்கள்.

ஸ்டோர் கீப்பர் நடைவண்டியை ஓரமாக அழைத்தார். "ஏம்ப்பா, நீ நேரா நடக்கறியாமே?"

"ஆமா சார், இப்போ கடிக்கிறதில்லை."

"மெதுவாப் பேசுய்யா! இயக்குநர் எதிர்ல விறுவிறுன்னு போயிருக்கே. 'யார் அந்தத் திமிர் பிடிச்சவன்'னு கேட்டாராம். உன் கோப்பு இன்னும் அவர் மேசை மேலதான் கிடக்கு."

நடைவண்டி வாசலுக்குப் போய்ச் சரளைக்கல் பொறுக்கினான். உருண்டைக் கல் சரிப்படவில்லை. முனை உள்ளதாக ஒன்று கிடைத்தது. வலது ஷூவுக்குள் போட்டுக்கொண்டு நடந்தான். புருவம் தானாகவே உயர்ந்தது. எதிரே வந்த இயக்குநர் நின்று பார்த்தார். ஒரு ரசிகரின் கனிவு அவர் முகத்தில் தெரிந்தது.

"இவன் பொறுப்பு உணர்ந்தவன்" என்று சொல்லி, அன்றைக்கே கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் ஷூவைக் கழற்றியதும் கல் தரையில் உருண்டது.

"பைத்தியமா உங்களுக்கு? விரல் நோக எண்ணெய் போட்டு நான் இளக்கினது இதுக்குத்தானா?"

"நிரந்தரம் ஆயிடுச்சு."

 அவள் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "அப்போ நாளைக்கு நானும் ஆபீசுக்கு வர்றேன். அந்த மனுவை நேர்ல கேட்டுடறேன்."

"வா. ஆனா வலது காலை இழுத்து, கொஞ்சம் நொண்டிக்கிட்டு வா. நேரா நடந்து வர்றவங்க மனுவை இப்போ யாரும் தொடறதில்லை."

"சொல்ல வெட்கமா இல்லை? ஊரே நொண்டினா நானும் நொண்டணுமா? என் வீடு, என் கால்! நிமிர்ந்து நடந்து போய்த்தான் கேட்பேன்."

நடைவண்டி சாப்பிட்டு எழுந்தான். மறுநாள் காலையில் அவன் கிளம்பும்போது, அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"அந்தக் கல்லைக் கொடுங்க" என்றாள். "எந்தக் காலுன்னு சொன்னீங்க?"