கறுப்புக் காருக்கு வைத்த குங்குமம்

அன்புத் தம்பி தமிழ்க்குமரனுக்கு,

பாகூர் மூலநாதர் துணையோடு குருவிநத்தத்திலிருந்து அக்கா ருக்குமணி எழுதுவது. நானும் உன் மாமாவும் கறவை மாடும் சுகம். மூலக்குளத்தில் நீயும் ஜெயசுதாவும் பிள்ளைகளும் கடையும் சுகமாக இருக்க வேதாம்பிகைக்கு விளக்கேற்றிக் கேட்டிருக்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் மாமா பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார், நடுநடுவே திருத்தவும் செய்வார். இன்றைக்கு அவர் வீட்டில் இல்லை. என் அடுப்படியில் நான் மட்டும் இருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

லாரிப் பட்டறையிலிருந்து அவர் வீட்டுக்கு வந்து எட்டு மாதம் பதினோரு நாள் ஆகிறது. கொஞ்ச நாள் கட்டிலில் படுத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து அடுப்படிக்கு வந்தவர், திரும்பிப் போகவேயில்லை. குக்கர் விசிலுக்கு எண்ணெய் விட்டார். மிக்சியைக் கழற்றி மாட்டினார், இரண்டு ஸ்குரூ மிச்சம் வந்தது, மிக்சி ஓடத்தான் செய்கிறது, ஆனால் ஓடும்போது மேடையில் நடந்தும் போகிறது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை குழம்புச் சட்டியின் மூடியைத் திறக்கிறார் என்று கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வந்தேன். ஐப்பசி மாதச் சராசரி பதினேழு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன் தம்பி. இப்போது வருவதெல்லாம் கம்ப்யூட்டர் வண்டி, உங்களுக்கு அது தெரியாது என்று பட்டறையில் சொல்லி அனுப்பினார்கள் இல்லையா, அந்த வார்த்தை அவர் நெஞ்சில் அப்படியே நின்றுவிட்டது. வாசலில் ஒரு பைக் நின்றுபோனால்கூட எட்டிப் பார்ப்பதில்லை. ‘எனக்கு இன்னாடி தெரியும்’ என்பார். அதனால்தான் உன் ஹார்டுவேர் கடையில் ஒரு ஸ்டூல் போட்டு அவரை உட்கார வை என்று போன மாதம் கெஞ்சினேன். இனி வேண்டாம். ஸ்டூல் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு.

நடந்ததைக் கேள். பண்டசோழநல்லூர் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறாரே டேனியல் ஐயா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்சன் வாங்குகிறவர், அவர் பழைய கார்களாக இருபத்திரண்டு சேர்த்து ஷெட்டில் வைத்திருக்கிறார். யாருக்கும் காட்டாதவர், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் எல்லோருக்கும் திறந்து விட்டார். டிக்கெட் நூறு ரூபாய், வசூலெல்லாம் நடக்க முடியாத பிள்ளைகள் இல்லத்துக்கு ஒரு வேன் வாங்க. தர்ம காரியம், வாங்க என்று உன் மாமாவை இழுத்துக்கொண்டு போனேன். இருபத்திரண்டு வண்டி நிற்கிற இடத்துக்கு வெறுங்கையோடு போகலாமா? கூடையில் எலுமிச்சம்பழம், சந்தனம், குங்குமம், சூடம் எல்லாம் எடுத்துக்கொண்டேன். பெட்ரோல் இருக்கிற இடம் என்று சூடத்தை மட்டும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அங்கே நோட்டு வைத்துக்கொண்டு நின்ற ஜெயசித்ரா என்கிற பெண் உன் மாமா பெயரைக் கேட்டது. நான் வாயால் சொல்லவில்லை, நோட்டை வாங்கி எழுதிவிட்டேன், எழுதினால் தோஷமில்லை.

ஷெட் தரை பார்த்தால் முகம் தெரிகிற மாதிரி இருந்தது. நான் செருப்பை வெளியே விட்டேன். பின்னால் வந்தவர்களும் விட்டார்கள். அரை மணி நேரத்தில் அங்கே நூறு ஜோடி. உள்ளே சொல்ல ஆளில்லாமலே எல்லோரும் இடமிருந்து வலமாகச் சுற்றிவர ஆரம்பித்துவிட்டார்கள், பாட்டா செருப்பைக் கழற்றாத ஒருவர் மட்டும் எதிரே வந்து எல்லோரிடமும் இடி வாங்கினார். எல்லாம் கண்ணுக்கு நிறைவாகத்தான் இருந்தது, ஒரு குறையைத் தவிர. ஒரு காரில் ஜெபமாலை தொங்கியது, மற்றபடி ஒன்றின் நெற்றியிலும் பொட்டில்லை.

வெளியே மாமரத்தடியில் பிரெஞ்சுக்காரர் காலத்துக் கறுப்புக் கார் ஒன்று நின்றது. நாலு மணிக்கு இல்லத்துப் பிள்ளைகளை அதில் ஏற்றித் தோப்பைச் சுற்றிக் காட்டுவதாகப் பேச்சு. சக்கர நாற்காலியில் பதினோரு பிள்ளைகள் தலைசீவிப் பவுடர் போட்டுக் காத்திருக்கிறார்கள், காரோ காலையிலிருந்து கிளம்ப மாட்டேன் என்கிறதாம். எனக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது. காரைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் குனிந்து போய் நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து, மூக்கில் சந்தனத்தைக் குழைத்துப் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டுத் திறந்தால் எதிரே ஜெயசித்ரா. “இன்னாம்மா இது, தொடக்கூடாதுன்னு போர்டு வச்சிருக்கோம், நீங்க அபிசேகமே பண்ணிட்டீங்க” என்றது. டேனியல் ஐயா ஓடி வந்தார். அது எழுபது வருசத்துப் பெயிண்ட் என்றார். உன் மாமா முகம் கறுத்து, ஊரான் வீட்டுக் காருக்குப் படைக்கச் சொல்லி உன்னை எவன் கேட்டான் என்று என்னைத் திட்டிக்கொண்டே, தோளில் கிடந்த துண்டை நனைத்துக் குனிந்து துடைத்தார்.

துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மூக்கை உறிஞ்சினார். “சார், காலைலேர்ந்து ஸ்டார்ட் பண்றீங்க, பெட்ரோல் வாசனயே வரலியே” என்றார்.

டேனியல் ஐயா அவரை மேலும் கீழும் பார்த்து, இந்த வண்டி உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். அந்தப் பாழாய்ப்போன பதிலைச் சொல்லிவிட்டு வந்துவிடுவார் என்று பார்க்கிறேன், வாயைத் திறந்தும் விட்டார். அப்போது சுவேதா என்று ஒரு பொடிசு, நாற்காலியில் இருந்தபடி, “பாருங்க தாத்தா. ஏற்கெனவே கெட்டுப்போன வண்டிதான, இன்னும் இன்னா கெட்டுப்போவும்?” என்றது.

உன் மாமா வாயை மூடிக்கொண்டார். பானட்டைத் திறந்தார். எதையோ கழற்றினார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், பெட்ரோல் வருகிற சின்ன ஓட்டையில் தூசி அடைத்திருக்கிறதாம். பின்னால் திரும்பாமலே கையை நீட்டி, “ஊக்கு குடுடி” என்றார். தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்துக் கொடுத்தேன். குத்தினார், வாயை வைத்து ஊதினார், மாட்டினார். மூன்றாம் தடவை கார் இருமிக்கொண்டு கிளம்பியது. நாலு பழமும் நசுங்க, முதல் மூன்று பிள்ளைகளோடு தோப்பைச் சுற்றியது. சுவேதா முன்சீட்டில். பதினோரு பேரும் சுற்றி முடிக்கும் வரை உன் மாமா பானட்டில் கை வைத்தபடியே கூட நடந்தார். டேனியல் ஐயா குங்குமத்தின் மிச்சத்தைத் துடைக்க வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, வாரத்தில் மூன்று நாள் வந்து இந்த வண்டிகளைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று மாமாவிடம் கேட்டார். பஸ் பாகூர் ஏரிக்கரை வந்ததும் மாமா, “அந்தப் பச்சைக் காரும் சரியில்லடி” என்றார். எட்டு மாதத்தில் அப்படி ஒரு குரல் கேட்டதில்லை. இன்று காலை ஒரு மூடியையும் திறக்காமல் டிபன் பாக்சை வாங்கிக்கொண்டு போனார். அடுப்படி அமைதியாக இருக்கிறது, மிக்சி ஓடுகிற சத்தம் தவிர.

வேதாம்பிகை உன் கடைக்கும் குடும்பத்துக்கும் குறைவில்லாமல் பார்த்துக்கொள்வாள். பிள்ளைகளுக்கு என் முத்தம், ஜெயசுதாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
நிம்மதியுடன்,
அக்கா ருக்குமணி

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் மாமா வந்துவிட்டார், கூட டேனியல் ஐயாவும். ஷெட்டில் தூசியாம், நுணுக்கமான வேலைக்கு நம் அடுப்படி மேடைதான் சுத்தமாம். பச்சைக் காரின் கார்பரேட்டர் என் இட்லிச் சட்டியில் புளித்தண்ணீரில் ஊறுகிறது. டேனியல் ஐயா இப்போதுதான் குழம்பு மூடியைத் திறந்து பார்த்து உப்பு கம்மி என்றார். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவருக்கும் ஒரு பத்தி பிரித்துவிட்டேன். ஸ்டூலைத் திருப்பிக் கொடுக்காதே தம்பி. இன்னொன்றும் வாங்கு.