நூற்றிருபது முட்டையும் இரண்டு பத்து மணியும்

மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என் மூத்த பேரனுக்குப் பாட்டி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் நினைத்தேன், எனக்குப் பொய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு ஒருவரும் நழுவக் கூடாது. நான். உன் தாத்தா. சந்துக்கு அந்தப் பக்கம், அதாவது அடுத்த நாட்டில், தன் சமையலறை ஜன்னலில் உன் அத்தையின் மாமியார். நம் நாட்டு மின்சார அதிகாரி, வெயிலே இல்லாத அன்றைக்குக் குடையோடு. அவர்கள் நாட்டு மின்சார அதிகாரி, சாப்பாட்டுப் பையோடு. அப்புறம் சாமான் அறையில் குஞ்சு பொரிக்கும் பெட்டிக்குள் பத்தொன்பது நாள் சூடு வாங்கிய நூற்றிருபது முட்டை. இன்னும் இரண்டே நாள். முதல் இரண்டு தடவை போட்டதும் கூமுட்டையாகிப் போனது உனக்குத் தெரியும். இந்தத் தடவையும் கெட்டால் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவேன் என்று ஊர் கேட்க நானே சொல்லித் தொலைத்திருந்தேன்.

நம் பக்கம் காலை பத்து மணிக்குக் கரண்ட் போகும், அவர்கள் பக்கம் சாயங்காலம் நாலு மணிக்கு. அதனால் பதினோரு வருஷமாகச் சந்துக்கு மேலே ஒரு கம்பி. நம் வீட்டில் விளக்கு அணைந்தால் நான் ஜன்னல் கம்பியில் கரண்டியால் இரண்டு தட்டு தட்டுவேன், சம்பந்தி ஸ்விட்சைப் போடுவாள். அவள் தட்டினால் நான் போடுவேன். அவளோடு எனக்குப் பேச்சு அதிகம் கிடையாது. கல்யாணத்தன்று போட்டோ எடுக்கும்போது என் முகத்தை மறைத்து நின்றவள் அவள், படம் இன்னும் இருக்கிறது. ஆனால் கரண்டில் ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. இதை நீங்கள் எல்லை தாண்டிய மின் வணிகம் என்கிறீர்களாம். உன் விதியை நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன், மனப்பாடம். சந்தில் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு பெட்டி, நம் கம்பி இனி அதன் வழியாகத்தான், பெட்டிக்கு இரண்டு பூட்டு, சாவி நாட்டுக்கு ஒன்று. இரு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து காலை பத்து மணிக்குத் திறக்க வேண்டும். செவ்வாய்தான் அதற்கு முதல் நாள்.

பத்து மணிக்குச் சொல்லி வைத்தாற்போலக் கரண்ட் போயிற்று. குடைக்காரர் சாவியைப் போட்டுத் திருகினார். பைக்காரர் அசையவில்லை.

"சார், பத்தாச்சு, உங்க பூட்டைத் திறங்க" என்றார் நம் ஆள்.

"உங்களுக்குத்தான் சார் பத்து. எங்க கடிகாரத்துல ஒன்பதரை."

"விதியில பத்துன்னு தெளிவா போட்டிருக்கே."

"அதேதான் நானும் சொல்றேன். பத்துன்னுதான் போட்டிருக்கு."

இரண்டு பேரும் ஒரு கம்பத்துக்குக் கீழே நிற்கிறார்கள், ஒரே வானம், இரண்டு மணி. நான் குஞ்சுப் பெட்டிக் கண்ணாடியில் கையை வைத்துப் பார்க்கிறேன், சூடு இறங்கிக்கொண்டே வருகிறது. "ஐயா, முட்டைக்கு எந்த நாட்டுக் கடிகாரம்னு கேட்டுச் சொல்லுங்க" என்றேன். குடைக்காரர் அதற்கு எழுத்து மூலம் மனுக் கொடுக்கச் சொன்னார். அந்தப் பக்கம் சம்பந்தி, "யோவ், உன் அம்மா உன்னைப் பெத்தப்போ மணி பாத்துக்கிட்டா இருந்தா? திறய்யா பூட்டை" என்று பைக்காரரைப் பிடித்துக்கொண்டாள். அவர் காதில் வாங்கவில்லை. அவளே வெந்நீர் போட்டு, பாட்டில் பாட்டிலாக ஜன்னல் வழியே நீட்டினாள். நான் எக்கி வாங்கி, போர்வையில் சுற்றிப் பெட்டிக்குள் அடுக்கினேன். "சம்பந்தி, பயப்படாதீங்க, இன்னொரு பானை கொதிக்குது" என்றாள். பதினோரு வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். அவர்கள் கடிகாரத்தில் பத்தானதும் பைக்காரர் சாவியைப் போட்டார். நம் ஆளுக்கு ஒரு வணக்கமும் வைத்தார்.

இன்று வியாழன். தொண்ணூற்றொரு குஞ்சு. பெட்டி தப்பித்தது, என் வாயும் தப்பித்தது. ஆனால் இருபத்தொன்பது முட்டை வாயே திறக்கவில்லை, அவற்றை நான் கையில் எடுத்து எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். நாலாம் வகுப்பில் என் வெற்றிலைப் பெட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டதற்கே உன்னை நான் இன்னும் விடவில்லை, இதை விடுவேனா. விதியை ரத்து செய்துவிட்டுத்தான் இந்த வாசற்படியை மிதிக்க வேண்டும்.

மற்றபடி உன் உத்தியோகம் ஓங்கட்டும், நாற்காலி இன்னும் பெரிதாகட்டும், வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் பாட்டி

பின்குறிப்பு: அத்தாட்சிக்காக உன் விதித்தாளையும் உறையில் சேர்த்து மடித்தபோதுதான் பின்பக்கமும் அச்சாகியிருப்பதைப் பார்த்தேன். பொடி அச்சு, எழுத்துக் கூட்டிப் படிக்க முக்கால் மணி ஆயிற்று. மணி என்றால் வாங்குகிற நாட்டுக் கடிகாரப்படி என்று முதல் வரியில் இருக்கிறது. நின்றால் உயிர் போகும் கருவிகளான மூச்சு இயந்திரம், குஞ்சு பொரிக்கும் பெட்டி ஆகியவற்றுக்கு இந்த விதி பொருந்தாது, குடும்பங்கள் பழையபடி கொடுத்து வாங்கலாம் என்று இரண்டாவது வரியில் இருக்கிறது. ஒரு நாட்டு விதியில் குஞ்சு பொரிக்கும் பெட்டியை யாரை நினைத்து எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும், கண்ணு. மேலே எழுதியதையெல்லாம் நான் எழுதவே இல்லை என்று வைத்துக்கொள், புதிதாக எழுத வீட்டில் தாள் இல்லை. விதியின் மேல் கை வைக்காதே, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. அந்த இரண்டு அதிகாரிகளும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை, சம்பளத்துக்குப் படிக்கிறவர்கள், போகட்டும். சம்பந்திக்குப் பத்துக் குஞ்சு கொடுத்தனுப்பிவிட்டேன், போட்டோவும் போகட்டும். ஆனால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி, தொண்டையைச் செருமி, முன்பக்கத்தை மட்டும் எனக்கு உரக்க வாசித்து, "அவ்வளவுதான்டி" என்று தாளை மடித்து வைத்த ஒரு மனுஷரை மட்டும் இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டேன். உன் தாத்தாவை.